மெழுகு உருகி உலோகம் பிறந்த கதை

முதலாண்டு ஒர்க்‌ஷாப்பை மறந்தவர்கள் நம்மில் யாராவது உண்டா? காக்கி உடுப்பு, ஃபிட்டிங்கில் அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன உள்ளங்கை, கார்ப்பென்ட்ரியில் ஒரு நாளும் பொருந்தாத மூட்டு... இவற்றையெல்லாம் தாண்டி எனக்குப் பிடித்த இடம் ஃபவுண்டரிதான். கருப்பு மணலைச் சலித்து, மரப் பேட்டர்னை வைத்து, மணலை இடித்து இறுக்கி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டர்னை மெல்லத் தட்டி எடுப்போம். பாதி நேரம் மணலின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். "மறுபடியும் போடுப்பா" என்ற குரல் பின்னாலிருந்து வரும். இன்றைக்கும் ஈர மணலின் வாசம் எங்காவது வந்தால் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

பேட்டர்னை எடுக்காமலேயே வார்க்கும் முறை ஒன்று உண்டு என்பதை இரண்டாம் ஆண்டில் படித்தோம். உருவத்தை மெழுகில் செய்து, அதைச் சுற்றிக் கூடு கட்டி, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே மெழுகு இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டியதுதான். நம் பாடப் புத்தகத்தில் 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்' என்ற தலைப்பில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் டாகர்ட் என்ற பல் மருத்துவர் 1907-இல் பல்லுக்கான தங்க வார்ப்பில் இதைப் பயன்படுத்தியது, இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின் பாகங்களுக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். தேர்வில் ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பு. நானும் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

அந்த அரைப் பக்கம் சொல்லாமல் விட்டது எத்தனை பெரிது என்பது, என் நண்பன் ஒருவனின் கால் வெந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் உள்ள ஆறாயிரம் ஆண்டுக் கதையையும் இந்த மலரில் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

ஆயா வீட்டுக் கதவுக் குமிழ்

எங்கள் ஆயா வீட்டில் இரண்டாம் கட்டுக் கதவில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாமரை மொட்டுப்போல ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமாக இருக்கும். அதில் ஒன்று கழன்று எங்கோ தொலைந்துவிட்டது. "இன்ஜினீயருக்குத்தானே படிக்கிறே, ஒண்ணு செஞ்சு குடேன்" என்று ஆயா விளையாட்டாகச் சொல்ல, நானும் வீராப்பாக ஒப்புக்கொண்டேன்.

அந்தத் தீபாவளி விடுமுறையில் என் அறை நண்பனும் வந்திருந்தான். மெழுகுவத்தியை உருக்கி, இருந்த குமிழைப் பார்த்து மெழுகில் ஒன்று செதுக்கினோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அதைச் சுற்றி ஊற்றிக் கட்டியாக்கினோம். அடுப்பில் காட்டியதும் மெழுகு ஓடிவிட்டது. கூட்டை ஒரு நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். தொட்டால் எலும்புபோலக் காய்ந்திருந்தது. பழைய பித்தளைக் குழாய்களைக் கொல்லையில் கரி உலையில் உருக்கினோம். நண்பன் கூட்டை இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திப் பக்கத்தில் குந்தியிருந்தான். நான் ஊற்றினேன்.

ஒரு நொடிதான். உள்ளே கொதிக்கிற சத்தம், பிறகு 'டப்' என்று ஒரு வெடிப்பு. ஊற்றிய பித்தளை வந்த வழியே திரும்பிப் பீறிட்டது. என் முகத்துக்குப் படவில்லை, அவன் காலில் விழுந்தது. பல வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. அவன் வீட்டாரிடம் நான் சொன்ன சமாதானம் எதுவும் இன்றுவரை எனக்கே சமாதானமாக இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் பக்கத்துத் தெருவில் பாத்திரம் வார்க்கிற வயதான கன்னார் ஒருவரும் இருந்தார். முதலுதவி எல்லாம் முடிந்து நண்பனை வண்டியில் ஏற்றிய பிறகு, உடைந்து கிடந்த கூட்டின் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நெருப்பைப் பாத்துப் பயந்தீக தம்பி. தண்ணியைப் பாத்துப் பயப்படலையே."

அதன் பொருள் பின்னாளில்தான் விளங்கியது. உறைந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 21 விழுக்காடு, தண்ணீர். அது ஈரமாக இல்லை, வேதியியலால் கட்டுண்டு கிடக்கிறது. காரைக்குடி வெயிலில் ஒரு மாதம் வைத்தாலும் அது போகாது, சூளையில்தான் போகும். 900 டிகிரிக்கு மேல் சூடான பித்தளை பட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். போக வழி இல்லாத ஆவி, உலோகத்தையே தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. நாங்கள் காய வைத்தது மேல்தோலை மட்டுமே!

ஆறாயிரம் ஆண்டு

நிற்க. இந்த முறைக்கு வயது என்ன? பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடத்தில் கிடைத்த செம்புப் பதக்கம் ஒன்று, சிறிய சக்கரம் போன்றது, சுமார் 6,000 ஆண்டு பழையது. மெழுகில் செய்து வார்த்ததுதான் என்று 2016-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய மெழுகு வார்ப்புகளில் அது ஒன்று. மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த நடன மங்கையும் இதே முறையில் பிறந்தவள்தான். உயரம் 10.5 சென்டிமீட்டர். நம் உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தப் பெண்ணின் நிமிர்வைப் பாருங்கள், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டாகக் குறையவில்லை.

தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, தாழிகளோடு வெண்கலப் பொருட்களும் ஏராளமாகக் கிடைத்தன. விலங்கு, பறவை உருவங்கள் பொருத்திய மூடிகள் அவற்றில் சிறப்பானவை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் சிலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இவற்றையும் பார்த்து வர வேண்டும்.

பிறகு சோழர் காலம். செம்பியன் மாதேவி எடுப்பித்த திருமேனிகளும், இராசராசன் காலத்தவையும் உலகப் புகழ் பெற்றவை. தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை 1011-ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கணித்திருக்கிறார்கள். தலையில் பாம்பைச் சுற்றி, இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கும் அந்த அழகை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை இல்லை. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு வேறொன்றைச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றின் உயரம் முழத்திலும் விரலிலும் எழுதப்பட்டுள்ளது. அதோடு கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. 'சாலிட் காஸ்டிங்', 'ஹாலோ காஸ்டிங்' என்று நாம் மனப்பாடம் செய்ததை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இது எந்தப் பாடப் புத்தகத்தில் இருந்தது?

வடமொழியில் இதற்கு மதூச்சிஷ்ட விதானம் என்று பெயர். மதூச்சிஷ்டம் என்றால் தேன் எடுத்த பிறகு மிஞ்சுவது, அதாவது மெழுகு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மானசோல்லாசம்' என்ற நூலில் வார்ப்பு முறை படிப்படியாக வருகிறது. உமிக்கரி, பொடியாக நறுக்கிய பஞ்சு, கொஞ்சம் உப்பு கலந்து அரைத்த மண்ணை மெல்லிய பூச்சாக முதலில் பூச வேண்டும். நிழலில் காய வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அடுத்த பூச்சு. அது காய்ந்த பிறகு மூன்றாவது, கனமாக. உலோகம் இறங்கும் குழாயின் வாய் ஊமத்தம்பூப் போல விரிந்திருக்க வேண்டும். ஒரு மன்னன் எழுதிய நூலில், மண் காயும் நாள் கணக்குவரை இருக்கிறது. எங்கள் அவசரத்துக்கு அந்த ஒரு வரி கையில் கிடைத்திருந்தால் என் நண்பன் கால் தப்பியிருக்கும்.

சுவாமிமலையில் ஒரு நாள்

படிப்பு முடிந்து சில ஆண்டு கழித்து, வேலை நிமித்தம் கும்பகோணம் போனபோது சுவாமிமலைக்குப் போனேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக நம் ஊரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். நான்கு ஆண்டு படித்தபோது ஒரு தடவைகூடப் போகத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அங்கே பட்டறை என்பது பெரும்பாலும் வீடுதான். முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் உலை. வீட்டிலேயே உலோகம் வார்ப்பது என்பது இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அந்தத் தெருக்களில் சிரிப்பார்கள்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் கெட்டியாக்கும், எண்ணெய் இளக்கும். வெயில் காலத்துக்கு ஒரு பக்குவம், குளிர் காலத்துக்கு ஒரு பக்குவம். அளவுக்கு ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னங்கீற்றை நறுக்கி, சாத்திர அளவுப்படி மடித்து மடித்து அடையாளம் செய்துகொள்கிறார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று எல்லாம் அந்த ஒரு ஓலையில் அடங்கிவிடுகிறது. சிலையின் உயரம் மாறினால் ஓலை மாறும், விகிதம் மாறாது.

மெழுகு உரு முடிந்ததும் காவிரி வண்டலை அரைத்து முதல் பூச்சு. அந்த வண்டல் மாவு போல மெல்லியது. மெழுகின் மேல் ஒரு நகக் கீறல் இருந்தாலும் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுகளில் வயல் மண்ணும் மணலும் கலக்கிறார்கள். பெரிய சிலைக்கு இரும்புக் கம்பி கட்டுவார்கள். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். "எத்தனை நாள்?" என்று கேட்டேன். "காயற வரைக்கும்" என்றார் அந்த ஸ்தபதி. அப்போது எனக்கு அது கிண்டலாகப் பட்டது. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான பதில் கிடையாது.

காய்ந்த கூட்டை வறட்டி நெருப்பில் சுடுகிறார்கள். மெழுகு வழிந்து வந்துவிடும். ஆனால் மெழுகு வந்ததோடு நிறுத்துவதில்லை என்பதைக் கவனித்தேன். கூடு நன்றாகப் பழுக்கும்வரை தொடர்ந்து சுடுகிறார்கள். களிமண்ணிலும் கட்டுண்ட தண்ணீர் உண்டு, அது விலக ஐந்நூறு டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது நாம் கெமிஸ்ட்ரியில் படித்தது. அவர்கள் கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, கூட்டின் நிறத்தைப் படித்திருக்கிறார்கள். பிறகு கூட்டைத் தரையில் குழிவெட்டிப் புதைத்து, சூடு ஆறுவதற்குள் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சூடான கூட்டில் உலோகம் சீக்கிரம் உறையாது, விரல் நுனிவரை ஓடும். ஆறிய பின் கூட்டை உடைத்து, உளியும் அரமும் கொண்டு பல நாள் சீர்செய்து, கடைசியில் கண் திறக்கிறார்கள்.

ஐம்பொன் என்று நாம் சொல்வது செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி, தங்கம். பழைய சிலைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது பெரும்பகுதி செம்பும், சிறு அளவில் வெள்ளீயமும் ஈயமுமே தெரிகின்றன. தங்கமும் வெள்ளியும் இருந்தால் மிகக் குறைவுதான். பெங்களூரில் முனைவர் சாரதா சீனிவாசன் இந்த ஆய்வில் பல ஆண்டு உழைத்தவர். ஈயம் சேர்ந்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடும். நம் பக்கம் கோயிலுக்குச் சிலை வார்க்கும்போது பெண்கள் கையில் காதில் இருப்பதைக் கழற்றி உலையில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது பக்தி. இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டில் செல்லினி என்ற சிற்பி பெர்சியஸ் சிலையை வார்த்தபோது உலோகம் இறுகத் தொடங்க, வீட்டுத் தட்டுமுட்டு ஈயப் பாத்திரங்களை அள்ளிப் போட்டாராம். அது அவசரம். இரண்டிலும் வீடும் உலையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கின்றன.

அதே கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் நாச்சியார்கோயில். அங்கே குத்துவிளக்கு வார்ப்பது மணலில். பேட்டர்னை எடுத்துவிட்டு ஊற்றுவார்கள், பகுதி பகுதியாக வார்த்துக் கடைசல் பிடித்துத் திருகி இணைப்பார்கள். ஒரே பேட்டர்னில் நூறு விளக்கு. சுவாமிமலையில் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான், வார்ப்பு தவறினால் முதலிலிருந்து மெழுகு பிடிக்க வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் கற்றது நாச்சியார்கோயில் வழி. நாம் கற்காமல் விட்டது சுவாமிமலை வழி. இரண்டுக்கும் அரசின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

சுவாமிமலையின் கை இன்றும் ஓயவில்லை. 2023-இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் ஜி-20 மாநாட்டுக்காக நிறுவிய 27 அடி நடராசர், சுமார் 18 டன் எடை, அங்கே மெழுகு முறையில் வார்த்ததுதான். பதக்கத்தில் தொடங்கிய கலை பதினெட்டு டன்னில் நிற்கிறது.

மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக்

புத்தகத்தின் அரைப் பக்கம் பொய் சொல்லவில்லை. டாகர்ட்டுக்குப் பிறகு நகைத் தொழிலில் ரப்பர் அச்சு வந்தது. ஒரு மோதிரத்தை வைத்து ரப்பர் அச்செடுத்து, அதில் மெழுகைச் செலுத்தினால் ஒரே நாளில் நூறு மெழுகு மோதிரம். போர்க்காலத்தில், இழைத்துக் கடைய முடியாத கடினமான உலோகங்களில் டர்பைன் பிளேடு செய்ய வேறு வழியே இருக்கவில்லை. இன்றும் அப்படித்தான். ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிக பிளேடுகளை வார்த்து, 60 பிளேடுகளை ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு வழங்கியதாக 2021-இல் அறிவித்தார்கள். அந்த பிளேடும் முதலில் மெழுகாகப் பிறந்ததுதான். வண்டல் மண்ணுக்குப் பதில் செராமிக் கூழ், நிழலுக்குப் பதில் ஏர் கண்டிஷன் அறை. ஆனால் ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு என்ற விதி அங்கேயும் மாறவில்லை!

அடுத்து வந்தது கம்ப்யூட்டர். அமெரிக்காவில் சக் ஹல் ஒளிபட்டால் இறுகும் திரவத்திலிருந்து பொருளை அடுக்கடுக்காக எழுப்பும் முறைக்கு 1986-இல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறை அதற்குச் சில ஆண்டுக்குப் பின் வந்தது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், யாரும் தாமே செய்துகொள்ளக்கூடிய பிரிண்டர் என்ற திட்டத்தைத் தொடங்கினார். இழை முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானதும் விலை சரசரவென்று இறங்கியது. இன்றைக்கு மாணவர் ஒருவர் தம் வீட்டு மேசையில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் ஒரு கியரையோ கைப்பிடியையோ அச்சிட்டு, அதையே மெழுகாக நினைத்துக் கூடு கட்டி, எரித்துவிட்டு, அலுமினியமோ பித்தளையோ ஊற்றுகிறார். மெழுகு பிடிக்கப் பத்து ஆண்டு பழக வேண்டிய கை இப்போது தேவையில்லை. இது பெரிய வரப்பிரசாதம், மறுக்க முடியாது.

ஆனால் நண்பர்களே, எளிதானது உருவம் மட்டும்தான், கூடு அல்ல.

மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகி நல்ல பிள்ளையாக வழிந்து வெளியே வந்துவிடும். பி.எல்.ஏ. அப்படியில்லை. 150 டிகிரிக்கு மேல்தான் உருகும், உருகினாலும் பாகுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை முழுக்க எரித்துச் சாம்பலில்லாமல் போக்கப் பல மணி நேரச் சூளை வேண்டும். நிறம் சேர்த்த பிளாஸ்டிக்கில் சாம்பல் மிஞ்சும், அது வார்ப்பில் ஓட்டையாக வந்து நிற்கும். சூளையை வேகமாக ஏற்றினாலோ, மெழுகைவிட அதிகமாக அது கூட்டை நெருக்கி வெடிக்க வைக்கும். புகை வேறு, மூடிய அறையில் கூடவே கூடாது.

எடைக் கணக்கும் இடிக்கும். பழையவர்கள் மெழுகை நிறுத்துவிட்டு உலோகத்துக்குத் தக்க மடங்கு வைத்துக்கொண்டார்கள். நம் அடர்த்திக் கணக்கின்படி பார்த்தால் வெண்கலம் மெழுகைப் போல் சுமார் 9 மடங்கு, வெள்ளி 11, தங்கம் 20. நூறு கிராம் மெழுகென்றால் ஏறக்குறைய 900 கிராம் வெண்கலம், குழாய்களுக்குச் சேர்த்துக் கொஞ்சம் கூட. பி.எல்.ஏ. மெழுகைவிடக் கனம், அதற்குப் பித்தளை 7 மடங்கே. அதுவும் பிளாஸ்டிக் உள்ளே நிறைந்திருந்தால்தான். பிரிண்டர் வழக்கமாக உள்ளே தேன்கூடுபோல வெற்றிடம் விட்டு அச்சிடுகிறது. அதை நிறுத்துக் கணக்குப் போட்டால் உலோகம் பாதியில் தீர்ந்துபோகும். கன அளவைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் போட வேண்டும். தேன்மெழுகில் தொடங்கிய கலை தேன்கூட்டில் வந்து நம்மை ஏமாற்றுகிறது, பாருங்கள்!

இளைய மாணவர்களுக்கு

போன ஆண்டு நம் மாணவர் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். பிளாஸ்டிக் உருவைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், பிளாஸ்டர்ல கூடு போட்டு வெயில்ல வெச்சிருக்கோம், ஞாயித்துக்கிழமை ஊத்தப் போறோம்" என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உட்கார வைத்து, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். நண்பன் காலைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊற்றவில்லை. ஒரு நகைப் பட்டறையின் மின்சூளையில் கூட்டை இரவு முழுக்கப் படிப்படியாக 700 டிகிரிவரை ஏற்றி, மறுநாள் அங்கேயே ஊற்றினார்கள். அழகாக வந்தது.

அவர்களுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். கூடு சூளையில் காயட்டும், வெயிலை நம்பாதீர்கள். ஊற்றும் இடம் உலர்ந்த மணல் தரையாக இருக்கட்டும். சிமெண்ட் தரையிலும் ஈரம் உண்டு, உருகிய உலோகம் சிந்தினால் அதுவும் தெறிக்கும். பித்தளையை அதிகம் சூடாக்கினால் அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், மூச்சில் போனால் காய்ச்சல் காணும். தோல் செருப்பல்ல, மூடிய தோல் ஷூ. கண்ணாடி, கையுறை. உருகிய உலோகத்தின் பக்கத்தில் தண்ணீர் வாளி வைக்காதீர்கள், மணல் வாளி வையுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், கூட நிற்பவரைக் குனிந்து பார்க்க விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவையாவது சுவாமிமலைக்குப் பஸ் ஏறிப் போய், காலை முதல் மாலைவரை ஒரு பட்டறையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 1948-இல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். உலோகத்தைப் பற்றிய புத்தறிவு இந்த மண்ணில் வேர்விட வேண்டும் என்பதற்குத்தானே? கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி, பிள்ளையார்பட்டியில் பிறந்து காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். கல்லூரிப் படிப்பும் சிற்பப் பரம்பரையும் ஒரே ஆளிடம் சேர முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. ஆண்டுக்கு இரண்டு நாள் ஒரு ஸ்தபதியை நம் ஃபவுண்டரிக்கு அழைத்து, மாணவர்கள் முன்னால் மண் பூச வைப்போம். மரியாதையாக, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு. அரைப் பக்கம் அப்போதுதான் முழுப் பக்கமாகும்.

நண்பனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் இந்த ஒன்றுகூடலுக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். காலில் தழும்பு இன்னும் இருக்கிறது, அவனுக்கு அது பெரிதில்லை, எனக்குத்தான் பெரிது. ஆயா இப்போது இல்லை. ஆனால் அந்தக் கதவு இருக்கிறது. அந்த இரண்டு மாணவர்களும் அன்றைக்கு வார்த்தது கியரோ கைப்பிடியோ அல்ல. என் கதையைக் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரு குமிழை அளந்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, எனக்காக வார்த்துக் கொடுத்தார்கள். கதவில் பொருத்தியிருக்கிறேன். புதிதாகையால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பளபளக்கிறது. ஒன்றுகூடல் முடிந்ததும் நண்பனை வீட்டுக்கு அழைத்துப்போய் அதைக் காட்ட வேண்டும்.